கொட்டத்துக்குக் கரண்ட் இழுக்கும் முன்: எர்த், வயரிங், விளக்கு, கேமரா

அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் காளை வளர்ப்பவர், திருமங்கலம் பக்கம் நாலைந்து கறவை மாடு வைத்திருப்பவர், சவாரிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் குதிரை வைத்திருப்பவர் என்று யாராக இருந்தாலும், புதுசாகக் கொட்டம் (மாட்டுக் கொட்டகையோ குதிரை லாயமோ) போடும்போது முதலில் விசாரிப்பது கேமராவைப் பற்றித்தான். எத்தனை மெகாபிக்சல், போனில் பார்க்க முடியுமா, ராத்திரியில் தெரியுமா என்று கேட்பார்கள். அடுத்தது விளக்கு. வயரிங் பற்றிப் பேச்சு வந்தால், “வீட்டிலிருந்து ஒரு லைன் இழுத்துக்கிட்டாப் போதும்” என்பதோடு முடிந்துவிடும். கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் எர்த் பற்றிக் கேட்பவர்கள் அபூர்வம்.

இங்கே அந்த வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். எர்த் முதலில், கேமரா கடைசியில். கேமரா ஒரு நாள் ஓடாவிட்டால் படம் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் எர்த் சரியில்லாத கொட்டத்தில் கட்டிக் கிடக்கும் மாடோ குதிரையோ என்ன செய்யும்? நமக்கு ஷாக் அடித்தால் கையை உதறிக்கொண்டு விலகிவிடுவோம். கயிற்றில் கட்டிய ஜீவனுக்கு விலக இடமே கிடையாது.

நாலு கால், ஈரத் தரை

பழுது நேரும்போது மனிதர் தொடக்கூடிய உலோகத்தில் 50 வோல்ட்டுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது மின் பாதுகாப்பில் நெடுநாளாக இருக்கும் எல்லை. கால்நடை நிற்கும் இடத்துக்கு அதைப் பாதியாக்கி, 25 வோல்ட் என்று பல நாட்டு விதிகளில் வைத்தார்கள். காரணம் கொட்டத்துக்குள் போய் நின்றாலே புரிந்துவிடும். நம் காலில் செருப்பு இருக்கிறது, மாட்டுக்கு இல்லை. அது நிற்பது கோமியமும் சாணியும் கழுவிவிட்ட தண்ணீரும் ஊறிய தரை. கோமியத்தில் உப்பு இருப்பதால் வெறும் தண்ணீரைவிட நன்றாகவே கரண்டைக் கடத்தும். மாட்டின் உடல் கரண்டுக்குக் கொடுக்கும் தடையும் மனிதரைவிடக் குறைவு. மனிதருக்குச் சுமார் 1000 ஓம் என்று கணக்கு வைத்தால், மாட்டுக்கு 500 ஓம் என்று வைப்பார்கள். அதாவது அதே வோல்டேஜில் மாட்டின் உடம்பில் இரண்டு மடங்கு கரண்ட் ஓடும். லாடம் அடித்த குதிரைக்கும் வண்டி மாட்டுக்கும் நிலைமை இன்னும் மோசம், குளம்புக்கும் தரைக்கும் நடுவே இரும்பே இருக்கிறது.

இன்னொரு விஷயம், கால்களுக்கு நடுவிலுள்ள தூரம். கரண்ட் மண்ணில் இறங்கும் இடத்தில் வோல்டேஜ் அதிகமாக இருக்கும், விலகிப் போகப் போகக் குறையும். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே ஏறக்குறைய ஐந்தடி இருப்பதால், இரண்டு கால்களும் இரண்டு வேறு வோல்டேஜில் நிற்கும். வித்தியாசம் முழுக்க அதன் உடம்பு வழியாக, நெஞ்சைத் தாண்டித்தான் போகும். மழைக்காலத்தில் அறுந்து விழுந்த கம்பிக்குப் பக்கத்தில் ஆள் தப்பித்து மாடு சாவது இதனால்தான்.

உயிரை எடுக்காத கசிவு வேறு விதமாக வேலை செய்யும். தண்ணித் தொட்டிக்கு மேலே போகும் இரும்புக் குழாயில் இரண்டு மூன்று வோல்ட் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். நாம் கை வைத்தால் ஒன்றும் தெரியாது. மாடு தொட்டிக்கு வரும், மூக்கை இறக்கும், தண்ணீர் பட்டவுடன் வெடுக்கென்று தலையைத் தூக்கும். கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, மறுபடி வந்து வாயை முழுசாக வைக்காமல் நாக்கால் மட்டும் நக்கிக் குடிக்கும். வெளியே வாளியில் வைத்தால் அதே மாடு ஒரே மூச்சில் குடித்துவிடும். தண்ணீர் குறைந்தால் தீவனம் குறையும், தீவனம் குறைந்தால் பால் குறையும். வீட்டில் திருஷ்டி கழிப்பார்கள், தீவனத்தை மாற்றிப் பார்ப்பார்கள், டாக்டரைக் கூப்பிடுவார்கள். தொட்டியில் மல்டிமீட்டர் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. ஒரு முனையைத் தொட்டியின் உலோகத்திலும் இன்னொரு முனையை மாடு நிற்கும் ஈரத் தரையிலும் வைத்து ஏசி வோல்ட் பார்த்தால் போதும். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயர்மேனைக் கூப்பிட வேண்டும்.

எம்சிபி இருக்கிறதே, போதாதா?

போதாது. இந்த ஒரு இடத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கச் சொல்வேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

எம்சிபி வயரைக் காப்பாற்றுவதற்காக வந்த சாதனம். வயர் தாங்குவதற்கு மேல் கரண்ட் போனால் விழும், அதாவது தானாக லைனைத் துண்டிக்கும். 16 ஆம்பியர் எம்சிபி உடனடியாக விழ வேண்டுமானால், நம் கடைகளில் கிடைக்கும் சி வகையில், 80 முதல் 160 ஆம்பியர் வரை பாய வேண்டும். இப்போது கொட்டத்தில் ஒரு வயர் எலி கடித்து, கரண்ட் வரும் பேஸ் கம்பி இரும்புத் தூணைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூணுக்கு எர்த் கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் அந்த எர்த் குழியின் தடை 20 ஓம். 230 வோல்ட்டை 20 ஓமால் வகுத்தால் 11.5 ஆம்பியர்தான் மண்ணுக்குப் போகும். எம்சிபிக்கு அது சாதாரண லோடு மாதிரித்தான் தெரியும், விழாது. விடிய விடியத் தூண் கரண்டோடு நிற்கும். எர்த் போட்டிருக்கிறோம், எம்சிபி வைத்திருக்கிறோம் என்று வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார்.

ஆர்சிசிபி என்பது கசிவைப் பிடிக்கும் சுவிட்ச், அது வேறு வேலை செய்கிறது. கடைகளில் இன்னும் பழக்கத்தில் ஈஎல்சிபி என்றே கேட்பார்கள். அது பேஸில் போகும் கரண்டையும் நியூட்ரலில் திரும்பும் கரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் சமமாக இல்லையென்றால் மிச்சம் எங்கேயோ கசிகிறது, தரை வழியாகவோ ஓர் உடம்பு வழியாகவோ. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்றால், அந்தக் கசிவு ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கைத் தொட்டால் 0.3 விநாடிக்குள் துண்டித்துவிடும். மேலே சொன்ன தூணில் 11.5 ஆம்பியர் கசிகிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும். இன்னொரு கணக்கும் உண்டு. கால்நடைக்கான 25 வோல்ட் எல்லையை 0.03 ஆம்பியரால் வகுத்தால் 800 ஓமுக்கு மேல் வரும். எர்த் குழி கோடையில் காய்ந்து அதன் தடை அந்த அளவுக்கு ஏறிப்போனாலும் ஆர்சிசிபி கைவிடாது என்று அர்த்தம். அதற்காக எர்த்தில் அலட்சியம் காட்டலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆகவே கொட்டத்துக்கென்று தனியாக ஒரு சின்ன போர்டு, அதில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதற்கு மேலே எம்சிபி. ஓவர்லோடை ஆர்சிசிபி பார்க்காது, அதனால் இரண்டும் வேண்டும். முடிந்தால் இரண்டு ஆர்சிசிபியாகப் பிரித்துவிடுங்கள்: விளக்கும் கேமராவும் ஒன்றில், புல் வெட்டும் மெஷின், கறவை மெஷின், பிளக் பாயின்ட் எல்லாம் இன்னொன்றில். மெஷினில் கோளாறு வந்து டிரிப் ஆகும்போது கொட்டம் முழுக்க இருட்டாகிவிடக் கூடாது, இருட்டில் மிரண்ட காளைக்கு நடுவே போய் ஃபியூஸ் தேடுவது ஆபத்தான வேலை. ஆர்சிசிபியில் ‘டி’ என்று எழுதிய சின்ன பொத்தான் இருக்கும். மாசம் ஒரு தடவை அதை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழவில்லையென்றால் அது பெட்டிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறது, மாற்றிவிடுங்கள்.

எர்த்தை நியூட்ரலாக்கும் பழக்கம்

நம் பக்கத்துத் தோட்டங்களில் இது கண்கூடு. கிணற்று மோட்டாருக்கு மூணு பேஸ் வருகிறது. அங்கே ஒரு பல்பு போட வேண்டும், நியூட்ரல் கம்பி இல்லை. ஒரு பேஸை எடுத்து பல்பின் ஒரு முனையில் கொடுத்து, மறுமுனையை மண்ணில் அடித்த இரும்புக் கம்பியில் கட்டிவிடுகிறார்கள். பல்பு எரிகிறது. எரிவதால் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த நிமிஷத்திலிருந்து கரண்ட் மண் வழியாகத்தான் திரும்பிப் போகிறது. கம்பி அடித்த இடத்தைச் சுற்றி மண்ணில் வோல்டேஜ் பரவி நிற்கிறது. அந்தக் கம்பியின் மேல்முனை கழன்றுவிட்டால், தொங்கும் முனையில் முழு 230 வோல்ட்டும் நிற்கும். ஆடு மாடு மேயும் இடத்தில் இதைவிட ஆபத்தான ஏற்பாடு இல்லை.

இப்படி எடுத்த லைனில் ஆர்சிசிபி போட்டால், போட்ட உடனே டிரிப் ஆகும், ஏனென்றால் போன கரண்ட் நியூட்ரலில் திரும்பவில்லை. “ஈஎல்சிபி போட்டா நிக்கவே மாட்டேங்குது, எடுத்துருங்க” என்று சொல்வதற்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கதைதான் இருக்கும். எடுக்க வேண்டியது ஆர்சிசிபியை இல்லை. பேஸும் நியூட்ரலுமாக முறையான இரண்டு கம்பி லைன் கொண்டுவர வேண்டும். இலவச விவசாய இணைப்பிலிருந்து கொட்டத்துக்கு எடுக்கலாமா, தனி இணைப்பு வாங்க வேண்டுமா என்பதை நீங்களாக முடிவு செய்யாமல், ஈபி பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எல்லா இரும்பையும் ஒன்றாகக் கட்டுவது

ஆர்சிசிபிக்குத் தெரியாத கசிவும் உண்டு. பக்கத்துக் கிணற்று மோட்டார் கசியலாம், அல்லது லைனின் நியூட்ரலே தளர்ந்திருக்கலாம். அந்த வோல்டேஜ் மண் வழியாகவோ குழாய் வழியாகவோ நம் கொட்டத்துக்குள் வரும். நம் போர்டில் உள்ள ஆர்சிசிபி அதைப் பார்க்கவே பார்க்காது. இதற்கு ஒரே வழி, கால்நடை தொடக்கூடிய எல்லா உலோகத்தையும் ஒன்றோடொன்று இணைத்துவிடுவது.

கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கு ஒன்றும் ஆவதில்லை. அதன் இரண்டு காலும் ஒரே வோல்டேஜில் இருக்கின்றன, நடுவே கரண்ட் ஓட வழி இல்லை. கொட்டத்திலும் அதையேதான் செய்யப் பார்க்கிறோம். இரும்புத் தூண், கட்டும் குழாய், தண்ணித் தொட்டி, கேட், தகரக் கூரையின் சட்டம் எல்லாவற்றையும் எர்த் கம்பியால் கோத்துவிட்டால், மாடு எதைத் தொட்டாலும் எதன் மேல் நின்றாலும் வித்தியாசம் வராது. தரையும் இதில் சேர வேண்டும். அதனால் கான்கிரீட் போடுவதற்கு முன் வெல்டு மெஷ் என்ற இரும்புக் கம்பி வலையை விரித்து, அதைத் தூண்களோடு வெல்டு வைத்து எர்த்தில் இணைக்க வேண்டும். வாசலில் மெஷ் சட்டென்று முடியாமல் கொஞ்சம் சரிவாக மண்ணுக்குள் இறங்கி முடிந்தால், உள்ளே நுழையும் மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் திடீர் வித்தியாசம் வராது. கான்கிரீட் போட்டபின் இதைச் செய்ய முடியாது, தரையை உடைக்கத்தான் வேண்டும். புதுக் கொட்டம் கட்டுகிறவர்கள் இன்றைக்கே கொத்தனாரிடம் சொல்லிவையுங்கள்.

எர்த் குழி மண்ணைப் பொறுத்தது. திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல் ஈரம் பிடிக்கும், ஆனால் கோடையில் பாளம் பாளமாக வெடித்து எர்த் பைப்பை விட்டு விலகும். மேலூர்ப் பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டுகிற இடங்கள் உண்டு, அங்கே இரண்டரை மீட்டர் பைப் இறங்காது. ஒரே ஆழக் குழிக்குப் பதிலாகத் தள்ளித் தள்ளி இரண்டு மூன்று பைப் அடித்து இணைக்க வேண்டியிருக்கும். குழியைக் கால்நடை கட்டும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். குழிமேல் தொட்டி கட்டி, சித்திரை வைகாசியில் தண்ணீர் ஊற்ற வழி விடுங்கள். வயர்மேன் வேலை முடித்ததும் எர்த் டெஸ்டர் வைத்து எத்தனை ஓம் என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். பல்பு எரிகிறதா என்று பார்ப்பது எர்த் டெஸ்ட் ஆகாது.

வயர் எவ்வளவு கனம், எந்த வழி

விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் காப்பர், பிளக் பாயின்டுக்கு 2.5 என்பது வழக்கமான கணக்கு. தூரம்தான் கையைச் சுடும் இடம். வீட்டு மெயின் போர்டிலிருந்து கொட்டம் 40 மீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கே 2 எச்பி புல் வெட்டும் மெஷின் ஓடுகிறது, அது சுமார் 11 ஆம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். 1.5 வயரில் போகவரப் பத்து வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே காணாமல் போகும். 2.5 வயரில் ஆறரை வோல்ட், 4 சதுர மில்லிமீட்டரில் நாலு வோல்ட். ஓடும்போது இது பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் மோட்டார் கிளம்பும் கணத்தில் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும், இழப்பும் அதே அளவு பெருகும். ஏற்கெனவே ராத்திரியில் லோ வோல்டேஜ் வரும் ஊரில் 1.5 வயர் போட்டால் மோட்டார் முனகிக்கொண்டே நின்று உள்ளே சுருள் கருகும். அதனால் மெயின் லைன் மட்டும் 4 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். நாளைக்குக் கறவை மெஷின் வாங்கும் எண்ணம் இருந்தால் 6 போடுங்கள், மறுபடி குழி தோண்டுகிற செலவு மிச்சம்.

லைனை மேலே இழுப்பதா, மண்ணுக்குள் புதைப்பதா? புதைப்பதே மேல். டிராக்டரில் வைக்கோல் லோடு உயரமாக ஏற்றி வரும்போது மேலே போகும் வயரில் உரசித் தீப்பிடிப்பது எல்லாருக்கும் தெரிந்த ஆபத்து. இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிளை இரண்டரை அடி ஆழத்தில், மணல் விரித்து, மேலே செங்கல் அடுக்கி மூடலாம்.

கொட்டத்துக்குள் வயர் வெளியே தெரியவே கூடாது. எலியும் அணிலும் கடிக்கும், கோமியத்திலிருந்து கிளம்பும் அமோனியா செம்பு முனைகளைப் பச்சை பூக்க வைக்கும், தவிட்டுத் தூசி சுவிட்சுக்குள் படியும். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள கனமான பிவிசி பைப்புக்குள் வயர், ரப்பர் வாசர் வைத்து மூடும் ஜங்ஷன் பாக்ஸ், பைப் நுழையும் ஓட்டையில் சந்தை அடைக்கும் கிளாண்டு. பல்லி நுழையும் அளவு சந்து இருந்தாலும் ஒருநாள் அது இரண்டு முனைக்கு நடுவே போய்ப் படுத்துவிடும். ஐபி 44 என்றாவது போட்ட பெட்டியாக வாங்குங்கள். தண்ணீர் அடித்துக் கழுவும் இடத்துக்கு ஐபி 65. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 6 என்றால் தூசியே நுழையாது, 5 என்றால் ஹோஸில் பீய்ச்சினாலும் தாங்கும். சுவிட்ச் போர்டு கால்நடை கட்டும் பகுதிக்கு வெளியே, ஆள் நடக்கும் பக்கத்தில் இருக்கட்டும். காளை சொறிந்துகொள்ள எந்தச் சுவரையும் விடாது, கொம்பு எட்டும் உயரத்தில் பைப் போனால் ஒரே வாரத்தில் பெயர்த்துவிடும். குதிரை முன்னங்காலைத் தூக்கி எழும்பும் என்பதால் லாயத்தில் இன்னும் உயரம் வேண்டும், பத்தடிக்கு மேல்.

கீற்றுக் கூரைக்குள் வயரைச் செருகவே வேண்டாம். கூரையிலிருந்து விலகித் தனிக் கம்பத்திலோ கல் தூணிலோ பைப்பைக் கொண்டுபோகலாம். வைக்கோல் படப்புக்கும் மின் போர்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுங்கள். கொசுவுக்கு மூட்டம் போடுகிறவர்கள் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கி, மேலே வயர் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபேன் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு டேபிள் ஃபேனையோ பழைய பெடஸ்டலையோ கொட்டத்துக்குக் கொண்டுவருவது நம் வழக்கம். அதன் மோட்டார் காற்றோட்டத்துக்காகத் திறந்திருக்கும். வைக்கோல் தூள் உள்ளே போய்ச் சுருளில் படிந்து, மோட்டார் சூடாகி, தூசி புகைந்து, பிளாஸ்டிக் உருகிக் கீழே உலர்ந்த வைக்கோலில் சொட்டும். குதிரை லாயங்களில் தீப்பிடிக்கும் முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று. மோட்டார் முழுக்க மூடிய, பண்ணைக்கென்று செய்த ஃபேன் விலை கூடத்தான், ஆனால் மதுரைக் கோடையில் ராப்பகலாக ஓடப்போகும் சாமானில் மிச்சம் பிடிக்க வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நிரந்தரமாக எதையும் மாட்டிவைப்பதும் இதே ரகம். தேவைப்படும் இடத்தில் பாயின்ட் போட்டுவிடுங்கள்.

விளக்கு: வேலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று

பழைய குண்டு பல்பும் ஹாலஜனும் வேண்டாம். அவற்றின் கண்ணாடி மேல் தூசியும் சிலந்தி வலையும் படிந்தால் கருகும் அளவுக்குச் சூடேறும். எல்இடி போதும், அதுவும் மூடிய, ஐபி 65 எழுதியது.

எத்தனை வேண்டும்? 30 அடிக்கு 20 அடிக் கொட்டம் என்றால் 600 சதுர அடி, ஏறக்குறைய 56 சதுர மீட்டர். கறவைக்கும் சுத்தம் செய்வதற்கும் சதுர மீட்டருக்கு 100 லூமன், அதாவது 100 லக்ஸ் வெளிச்சம் தரையில் விழ வேண்டும். 5600 லூமன். கருத்த சுவர், தூசி, பழசாகும் விளக்கு எல்லாம் சேர்ந்து பாதியைத் தின்றுவிடும் என்று வைத்தால் 11000. 20 வாட் எல்இடி பேட்டன் ஒன்று சுமார் 2000 லூமன் தரும். ஆறு போட்டால் 120 வாட்டில் வேலை முடிந்தது. நடுவில் ஒரே வரிசையாக மாட்டாமல், இரண்டு பக்கமும் மும்மூன்றாக மாட்டுங்கள். நடு வரிசையில் மாட்டினால் மடியருகே குனிந்து உட்காரும்போது நம் நிழலே மடிமேல் விழும். ஊசி போடவும் காயம் பார்க்கவும் வரும் டாக்டருக்கும் அதே தொல்லை.

மாட்டுக்கும் குதிரைக்கும் கண்ணின் பின்பக்கம் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு, டார்ச் அடித்தால் கண் பளபளப்பது அதனால்தான். குறைந்த வெளிச்சத்தில் நம்மைவிட நன்றாகப் பார்க்கும். ஆனால் பளீர் வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு மாறக் கண்ணுக்கு நம்மைவிட நேரம் பிடிக்கும். வாசலில் ஒரு விளக்கை மாட்டி உள்ளே இருட்டாக விட்டால், காளை வாசலில் கால் ஊன்றி நின்றுகொண்டு நகராது. அதை அடிப்பதில் அர்த்தமில்லை, அதற்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் உள்ளே போகப் போக ஒரே சீராக இருக்க வேண்டும்.

ராத்திரிக்குத் தனி சுவிட்சில், மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்று, 3 அல்லது 5 வாட் போதும். வெள்ளை விளக்கைவிட மஞ்சளுக்குப் பூச்சி குறைவாக வரும். குதிரைக்கும் மாட்டுக்கும் இருட்டு வேண்டும், ராத்திரி முழுக்கப் பெரிய விளக்கை எரியவிடாதீர்கள். ஒரு நாளில் 16 மணி நேரம் நல்ல வெளிச்சமும் மிச்சம் இருட்டுமாக வைத்தால் கறவை மாட்டில் பால் கூடும் என்பது குளிர்நாடுகளில் நடந்த ஆய்வுகளில் தெரிந்தது. சினைக்கு வரும் காலத்தை முன்னே கொண்டுவரப் பெண் குதிரைகளுக்கும் அங்கே அப்படி விளக்கு வைக்கிறார்கள். அங்கே குளிர்காலப் பகல் மிகவும் குட்டை. மதுரையில் மார்கழிக்கும் ஆனிக்கும் பகல் நேர வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்கூட இல்லை. நம் ஊரில் அந்தப் பணத்தை நிழலுக்கும் காற்றுக்கும் செலவழிப்பது புத்திசாலித்தனம் என்பேன்.

கேமரா

எதற்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கன்று ஈனுவதைப் பார்க்கவா, திருட்டுக்கா? இரண்டுக்கும் கேமரா நிற்கும் இடம் வேறு.

பசு சினைக்காலம் சுமார் 280 நாள், குதிரைக்கு 340 நாள், ஆனால் இரண்டும் முன்பின்னாகும். பசு ஈனும்போது தண்ணீர்க்குடம் உடைந்தபின் ஒன்றிரண்டு மணி நேரம் எடுக்கலாம். குதிரை அப்படியில்லை. பெரும்பாலும் ராத்திரியில்தான் ஈனும், குடம் உடைந்த இருபது முப்பது நிமிஷத்தில் குட்டி வெளியே வந்தாக வேண்டும், வராவிட்டால் தாய்க்கும் குட்டிக்கும் ஆபத்து. காலையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. குதிரை வைத்திருப்பவருக்குக் கேமரா உண்மையிலேயே தேவை என்று நான் சொல்வது இதனால்தான். ஈனும் இடத்தைப் பார்க்கும் கேமரா, பத்தடி உயரத்தில் ஒரு மூலையில், குறுக்காகக் கீழே பார்த்தபடி இருக்கட்டும். விலா, வால், பின்பக்கம் மூன்றும் தெரிய வேண்டும். திருட்டுக்கு வைப்பது வாசலை நோக்கி, ஆள் முகம் தெரியும் உயரத்தில். பக்கத்து வீட்டு முற்றமோ குளிக்கும் இடமோ படத்தில் விழாதபடி திருப்பி வையுங்கள்.

வீட்டுக்கும் கொட்டத்துக்கும் நூறு மீட்டருக்குள் தூரம் என்றால், வைஃபையை நம்புவதைவிட பிஓஇ கேமரா நல்லது. ஒரே கேட் 6 நெட்வொர்க் கேபிளில் படமும் போகும், கேமராவுக்கான கரண்டும் வரும். கொட்டத்தில் தனியாக பிளக் பாயின்ட் தேவையில்லை. கேபிள் முழுச் செம்பா என்று கேட்டு வாங்குங்கள், செம்பு பூசிய அலுமினியம் மலிவாகக் கிடைக்கும், தூரம் போகப் போகக் கரண்ட் பற்றாமல் கேமரா ராத்திரியில் அணைந்து அணைந்து வரும். இதைக் கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே போடாதீர்கள், தனிப் பைப் வேண்டும். சித்திரையில் இடியோடு வரும் கோடை மழையில் மின்னல் பக்கத்தில் விழுந்தால், இரண்டு கட்டடத்துக்கு நடுவே போகும் செம்புக் கேபிள் வழியாக இரண்டு பக்கத்துச் சாமானும் போகும். தூரம் அதிகம் என்றால் நடுவே ஃபைபர் (கண்ணாடி இழை) கேபிள் போட்டுவிடலாம். போர்டில் திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்றும் வையுங்கள். தோட்டம் ஊருக்கு வெளியே இருந்தால் சிம் போடும் 4ஜி கேமராதான் வழி. நேரலையாகப் பார்த்தால் விநாடிக்கு ஒரு மெகாபிட் கணக்கில் மணிக்கு 450 எம்பி டேட்டா ஓடும் என்பதை நினைவில் வையுங்கள்.

எத்தனை நாள் பதிவு நிற்கும்? 2 மெகாபிக்சல் கேமரா எச்265 என்ற வீடியோ சுருக்கும் முறையில் விநாடிக்கு 2 மெகாபிட் எடுத்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நாலு கேமராவுக்கு 1 டிபி ஹார்டுடிஸ்க் பதினொரு நாள் வரும். கொட்டத்துக்கு 4 மெகாபிக்சல், 8 மெகாபிக்சல் எல்லாம் அவசியம் இல்லை.

கரண்ட் போனால்? நாலு கேமரா, ரெக்கார்டர், ரவுட்டர் எல்லாம் சேர்ந்து 50 வாட் அளவில்தான் எடுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் உள்ள 150 ஏஎச் பேட்டரி இதை மட்டும் என்றால் ராத்திரி முழுக்கத் தாராளமாகத் தாங்கும். ராத்திரி விளக்கையும் அதிலேயே சேர்க்கலாம். கேமராவோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

ராத்திரிப் படம் திடீரென்று வெள்ளையாகிப்போனால் கேமரா கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். லென்ஸைச் சுற்றியுள்ள இன்ஃப்ராரெட் விளக்கின் சூட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். ஒரே ஓர் இழை லென்ஸுக்கு முன்னால் ஓடினாலும் அந்த ஒளி இழையில் பட்டுத் திரும்பிப் படம் முழுக்கப் பனிமூட்டமாகத் தெரியும். காற்றில் இழை ஆட ஆட, ஆள் நடமாட்டம் என்று போனுக்கு எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும். நீளக் குச்சியில் துணி கட்டி வாரம் ஒருமுறை துடைத்தால் சரியாகிவிடும். தொல்லை தீரவில்லையென்றால் கேமராவின் இன்ஃப்ராரெட்டை அணைத்துவிட்டு, நாலைந்தடி தள்ளித் தனி இன்ஃப்ராரெட் விளக்கு மாட்டுங்கள்; பூச்சியும் வலையும் அந்தப் பக்கம் போய்விடும்.

வேலையை உரிமம் உள்ள வயர்மேனிடம் கொடுங்கள். முடிந்ததும் ஒரு தாளில் எர்த் குழி எங்கே, கேபிள் எந்த வழியாக, எத்தனை அடி ஆழத்தில் போகிறது, எந்த எம்சிபி எதற்கு என்று வரைந்து வாங்கி, போர்டு கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள். மண் மூடும் முன் போனில் நாலு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பொங்கலுக்குப் புதுக் காளை வாங்கி வந்து, கட்டுவதற்கு யாராவது கடப்பாரையோடு முளை அடிக்கக் கிளம்பும்போது, கேபிள் எங்கே போகிறது என்று அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அடிக்கச் சொல்லலாம்.